பேட்டரி கார் சார்ஜ் ஏறவில்லையா? ஆறு பேட்டரியையும் மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

கேள்வி: கோவைக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் குடியிருப்பை நிர்வகிக்கிறேன். கோல்ஃப் கார்ட் வகையில் ஆறு பேர் உட்காரும் பேட்டரி கார் ஒன்று வைத்திருக்கிறோம். மொத்தம் 48 வோல்ட், 8 வோல்ட் பேட்டரி ஆறு. வாங்கி 22 மாதம் ஆகிறது. ஒரு மாதமாக, சார்ஜ் போட்ட இருபதே நிமிடத்தில் பச்சை விளக்கு வந்துவிடுகிறது. ஆனால் வண்டி இரண்டு சுற்றுதான் ஓடுகிறது. சில இரவுகளில் சார்ஜர் வேலையே செய்வதில்லை. பார்க்க வந்தவர் சார்ஜர் பிளக்கில் மீட்டரை வைத்து, “சார்ஜர் போச்சு, பேட்டரியும் போச்சு, எல்லாத்தையும் மாத்தணும்” என்றார். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு ஒரு பேட்டரியைக்கூட மாற்ற வேண்டாம், சார்ஜரையும் வாங்க வேண்டாம். வந்தவர் செய்த சோதனையே தவறு. இந்த வண்டிகளின் சார்ஜர்களில் பெரும்பாலானவை, எதிரே பேட்டரி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மின்சாரத்தை வெளியே விடும். கழற்றிய பிளக்கில் மீட்டர் வைத்தால் நல்ல சார்ஜர்கூடப் பூஜ்யம்தான் காட்டும். இந்தச் சோதனையை நம்பி நல்ல சார்ஜர்களைத் தூக்கிப் போட்ட இடங்களை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

சார்ஜர் சில இரவுகளில் மட்டும் வேலை செய்யாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். வண்டி வழியிலேயே நின்று தள்ளிக்கொண்டு வரும் நாட்களில் மொத்த வோல்டேஜ் முப்பதுகளுக்கு இறங்கியிருக்கும். அவ்வளவு இறங்கிவிட்டால் பல சார்ஜர்களுக்கு எதிரே பேட்டரி இருப்பதே தெரியாது. ஓட்டுநரைக் கேட்டுப் பாருங்கள், வண்டி நின்றுபோன இரவுகளும் சார்ஜ் ஏறாத இரவுகளும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி முழுக்க இறங்கிய பேட்டரிகளைச் சார்ஜ் போடும் கடைக்குக் கொடுத்து மெதுவாக ஏற்றி வாங்குங்கள். அவசரத்துக்குக் கார் பேட்டரி சார்ஜரை 8 வோல்ட் பேட்டரியில் மாட்ட வேண்டாம்.

பச்சை விளக்கு இருபது நிமிடத்தில் வருவதுதான் முக்கியமான தடயம். சார்ஜர் மொத்த வோல்டேஜை மட்டும் பார்க்கிறது, உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தூர் வாராத குளம் ஒரே மழையில் நிரம்பிவிடும், நாலே நாளில் வற்றியும் விடும், இல்லையா? அதே கதைதான். தண்ணீர் குறைந்து உள்ளே இருக்கும் ஈயப் பிளேட் காய்ந்திருந்தாலோ, பாதிச் சார்ஜிலேயே கிடந்து பிளேட்டில் சல்பேட் என்ற வெள்ளைப் படிவு படிந்திருந்தாலோ, வோல்டேஜ் சட்டென்று ஏறி நிரம்பியது போலக் காட்டும்.

ஆகவே முதலில் மூடிகளைத் திறந்து பாருங்கள். ஒரு பேட்டரிக்குள் செல் எனப்படும் தனித்தனி அறைகள் நாலு, ஆக மொத்தம் 24. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள், பக்கத்தில் நெருப்பு எதுவும் கூடாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் ஷெட் காற்றோட்டமாக இருக்க வேண்டும்.

தண்ணீர் விடுவதில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் இங்கேதான் தவறுகிறார்கள். சார்ஜ் முழுக்க ஏறிய பிறகுதான் தண்ணீர் விட வேண்டும் என்பது பொது விதி. சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கும் திரவம் விரிந்து மேலே வரும். முன்னாலேயே நிரப்பி வைத்தால் ஆசிட் வழிந்து வெளியே போய்விடும். அப்புறம் நீங்கள் ஊற்றுவது வெறும் தண்ணீர், ஆசிட்டின் வலு குறைந்துகொண்டே போகும். ஆனால் பிளேட்டே வெளியே தெரிகிறது என்றால் இந்த விதி பொருந்தாது. காய்ந்த பிளேட்டோடு சார்ஜ் போட்டால் அந்தப் பகுதி கெட்டுப்போகும். அப்போது சார்ஜுக்கு முன்னாலேயே விடுங்கள், ஆனால் பிளேட் மூழ்கும் அளவுக்கு மட்டும். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட வேண்டாம். சார்ஜ் முடிந்த பிறகு திரும்பத் திறந்து, மூடிக்குக் கீழே இறங்கும் வாய்க்குழலின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை நிரப்புங்கள். ஒரு பேட்டரியில் மூன்று செல் சரியாக இருந்து ஒன்றில் மட்டும் பிளேட் தெரிந்தாலும் இதே முறைதான். அந்த ஒன்றுக்கு மட்டும் முன்னால் விடுங்கள், மற்ற மூன்றையும் சார்ஜ் முடியும் வரை தொட வேண்டாம். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. ஆர்.ஓ. தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் எதுவும் ஆகாது.

டெர்மினலில் பச்சை அல்லது வெள்ளைப் பூப் பூத்திருந்தால் மூடிகளை மூடிவிட்டு, சமையல் சோடா கரைத்த நீரில் கழுவித் துடைத்து இறுக்குங்கள். சூடாகிக் கறுத்த ஒரே ஒரு இணைப்புக்கூட இதே தொல்லையைக் கொடுக்கும்.

இதெல்லாம் முடிந்ததும் ஓர் இரவு முழுக்கச் சார்ஜ் போடுங்கள். எட்டு முதல் பத்து மணி நேரம் தேவை. காவலர் இரவில் பிளக் பாயின்ட்டை அணைக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் கோளாறே அவ்வளவுதான். சார்ஜர் ஓடும்போதே பேட்டரி வரிசையின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். எண் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் சார்ஜர் நன்றாக இருக்கிறது. அசையாமல் நின்றால் ஃபியூஸ், பிளக், ஒயர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். சுவர் பாயின்ட்டில் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200-க்கும் கீழே வந்தால் சார்ஜரைக் குற்றம் சொல்லக் கூடாது. நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரை எடுத்துவிடுங்கள்.

சார்ஜ் முடிந்து சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, ஒவ்வொரு பேட்டரியாக அளந்து எழுதுங்கள். நிரம்பிய 8 வோல்ட் பேட்டரி 8.4 முதல் 8.5 வரை காட்டும், ஆறும் சேர்ந்து 51-ஐ ஒட்டி வரும். ஐந்து 8.4 காட்டி, ஒன்று மட்டும் 6.4 காட்டினால் அதில் ஒரு செல் செத்துவிட்டது என்று பொருள். ஒரு செல் என்பது ஏறக்குறைய 2 வோல்ட். ஒவ்வொரு செல்லிலும் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நல்ல செல் 1.265-லிருந்து 1.280 வரை நிற்கும், மற்றவற்றைவிட 0.050 குறைவாக நிற்பதுதான் நோயாளி. 24 எண்களையும் தாளில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் ஆயுதம்.

ஏனென்றால் இனிமேல் உங்களிடம் ஆட்கள் வருவார்கள். “ஆசிட் மாற்றித் தருகிறேன்” என்பார் ஒருவர். வற்றியது தண்ணீர், அதற்கு ஆசிட் ஊற்றினால் இரண்டு மாதம் துள்ளும், பிறகு பிளேட் அரித்துப்போகும். “பவுடர் போட்டால் புதுசாகிவிடும்” என்பார் இன்னொருவர். நான் பார்த்த எந்தப் பேட்டரியும் அப்படிப் புதுசாகவில்லை. பழைய பேட்டரியைக் கழுவிப் பெயின்ட் அடித்து, தேதிக் குறியைச் சுரண்டிவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். தேதிக் குறி இல்லாத பேட்டரியைத் தொடாதீர்கள். கார் பேட்டரியை மாட்டித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது இஞ்சினைச் சில விநாடி சுழற்றுவதற்காகச் செய்தது, தினமும் அடிவரை இறங்கி ஏறுவதற்கு அல்ல.

பழைய பேட்டரியை வாங்கிக்கொள்கிறவர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆறும் போச்சு என்று சொல்வதில் அவருக்கு இரட்டை லாபம். புதியதை விற்றும் சம்பாதிக்கலாம், உங்கள் ஈயத்தை அடிமாட்டு விலைக்கு எடுத்தும் சம்பாதிக்கலாம். எடை போட்டு, அன்றைய விலை கேட்டு, ரசீதோடு கொடுங்கள். 2022-இல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகள் முறையாக மறுசுழற்சிக்குப் போவது உற்பத்தியாளரின் பொறுப்பு. ஆனால் அதைக் கேட்பவர் யாரும் இல்லை, டீலரும் தானாகச் சொல்வதில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது பராமரிப்பு ஒப்பந்தங்களைப் பார்க்கும்போதுதான். வண்டியைக் குறைந்த விலை கேட்டவரிடம் வாங்குகிறோம். ஏ.எம்.சி. எனப்படும் அந்த ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத் தாளைப் புரட்டினால் பேட்டரி, சார்ஜர், டயர் மூன்றும் சேராது என்று போட்டிருக்கிறது. வண்டியில் கெட்டுப்போவதே இந்த மூன்றும்தான்! மாதம் ஒருமுறை தண்ணீர் பார்ப்பது யார் வேலை என்று ஒரு வரிகூட இல்லை. ஓட்டுநர் தன் வேலை இல்லை என்கிறார், எலெக்ட்ரீஷியனும் அதையே சொல்கிறார். நடக்க முடியாத பெரியவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். ஒரு மருத்துவமனையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் ஒரு முழுப் பேட்டரித் தொகுப்பே வீணானதை நேரில் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் விட்டு, மூன்று நாலு முறை முழுச் சார்ஜ் போட்டு ஓட்டிய பிறகும் ஒரு பேட்டரி மட்டும் பின்தங்கினால் அதை மட்டும் மாற்றுங்கள். அதே கம்பெனி, அதே மாடல் வேண்டும். 22 மாதத்தில் மற்ற ஐந்தும் நன்றாக இருந்தால் இது செல்லும். மூன்று பேட்டரிக்கு மேல் தளர்ந்திருந்தால் மட்டும் ஆறையும் சேர்த்து மாற்றலாம். எதற்கும் முன்னால் வாரன்ட்டி அட்டையைத் தேடி எடுங்கள். காலம் மிச்சம் இருந்தால், நீங்கள் எழுதிய 24 எண்களின் நகலை இணைத்து டீலருக்குக் கடிதமாக எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். போனில் சொன்னால் வேலை நடக்காது.