அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம், அம்மா

திருகோணமலை உவர்மலையில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு இருபது வயது. உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் படித்து, இரண்டாம் முறையும் எழுதி, மூன்று பாடமும் சித்தி. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. வெள்ளவத்தையில் இருக்கும் அவருடைய அண்ணா, தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, கொழும்பில் ஒரு கம்பனியில் இடம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் அடையாள அட்டை, ஏசி அறை, கணினி வேலை. கனடாவில் இருக்கும் தங்கச்சியும் "யோசிக்காதே அக்கா, அனுப்பிவிடு" என்கிறாராம். பிள்ளை மட்டும் ஒன்றும் பேசாமல் இருக்கிறான். "அவனுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்று கேட்டு, ஒப்பந்தத்தின் படங்களையும் அனுப்பியிருக்கிறார்.

அம்மா, ஒத்த வயதுப் பிள்ளைகள் கம்பஸ் போகும்போது உங்கள் பிள்ளை வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அதற்கு ஆறுதலாக நாலு வரி எழுதத்தான் இருந்தேன். ஒப்பந்தத்தைப் படித்த பிறகு ஆறுதல் சொல்லும் நேரம் இது இல்லை என்று பட்டது. பிரச்சினை உங்கள் மகனிடம் இல்லை. அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

அதில் என்ன இருக்கிறது என்று உங்கள் அண்ணா முழுதாக வாசித்தாரா தெரியாது. நான் வாசித்ததைச் சொல்கிறேன். யாருக்காக வேலை செய்கிறோம் என்பதை ஊழியரிடம் சொல்ல மாட்டார்கள். செய்யும் வேலையைப் பற்றி வீட்டாருடனும் பேசக் கூடாது. உள்ளே போகும்போது போனை லொக்கரில் வைத்துவிட வேண்டும். கணினித் திரையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு மென்பொருள் படம் பிடிக்கும். எத்தனை தடவை விசையைத் தட்டினான், மவுஸ் எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது என்பதை எண்ணும். அசையாத நேரத்துக்குச் சம்பளம் வெட்டுவார்கள். கழிப்பறைக்குப் போய் வரவும் நிமிடக் கணக்கு உண்டு. பக்கத்தில் இருப்பவரிடம் அவருடைய சம்பளத்தைக் கேட்டால் ஒழுங்கு நடவடிக்கை. சொந்தப் போனிலும் கம்பனியின் ஆப் ஒன்றைப் போட வேண்டும். அது வேலை முடிந்த பிறகும் ஆள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். இவ்வளவுக்கும் முதலில் பயிற்சிக் கட்டணமாக ஒன்றரை லட்சம் ரூபா கட்டி, சாதாரணதர, உயர்தரச் சான்றிதழ்களின் மூலப் பிரதிகளைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் விலகினால் ஐந்து லட்சம் தண்டம்.

நியாயமாகப் பேசுவதென்றால், கண்காணிப்பு எல்லாமே கெட்டது இல்லை. வங்கிக் காசாளரின் தலைக்கு மேலே கமரா இருக்கிறது; அது அவருக்கும் பாதுகாப்பு. கடன் அட்டை இலக்கங்களைக் கையாளும் இடங்களில் போனையும் காகிதத்தையும் மேசையில் வைக்க விடமாட்டார்கள். காரணத்தைக் கேட்டால் சொல்வார்கள். என்ன பார்க்கிறார்கள், எதற்காக, யார் பார்ப்பது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்டால் பதில் வருகிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் மகன் நேர்முகத் தேர்வில் இதைக் கேட்டிருக்கிறான். "வந்த பிறகு தெரியும்" என்றார்களாம். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாத கம்பனி உங்கள் பிள்ளையைப் பற்றி எல்லாவற்றையும் அறிய வேண்டும் என்கிறது. அவன் வாய் திறக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும். கெட்டிக்காரப் பிள்ளை.

சின்னக் கம்பனிகள்தான் இப்படி, பெரிய இடம் என்றால் பரவாயில்லை என்று உங்கள் அண்ணா சொல்லக்கூடும். உலகம் முழுக்க உடுப்புக் கடை வைத்திருக்கும் எச் அண்ட் எம், ஜெர்மனியின் நூரம்பேர்க் சேவை நிலையத்தில் என்ன செய்தது தெரியுமா? சுகவீன விடுமுறை முடிந்து வருபவரை மேலாளர் அன்பாகக் கூப்பிட்டுப் பேசுவார். என்ன நோய், வீட்டில் என்ன சண்டை, கோயில் குளம் போகிறவரா என்பதெல்லாம் பிறகு கணினியில் பதிவாகும். அதை 50 மேலாளர்கள் வரை பார்க்க முடிந்தது. 2019இல் கணினி அமைப்பில் ஏற்பட்ட ஒரு பிழையால் சில மணி நேரம் எல்லா ஊழியர்களுக்கும் அது திறந்துகொண்டது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. 2020இல் 35.3 மில்லியன் யூரோ அபராதம் போட்டார்கள். அங்கே தட்டிக் கேட்க வலுவான சட்டமும் அதிகாரசபையும் இருந்தன. இங்கே தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளித் தள்ளிப் போனது. அதை நம்பிப் பிள்ளையை அனுப்ப முடியாது.

நம்பக்கூடிய பழைய சட்டங்கள் இருக்கின்றன. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 வீதம், கம்பனியின் பங்கு 12 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனி இன்னும் 3 வீதம். இது முதல் நாளில் இருந்தே கிடைக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் "தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்குச் சேமலாப நிதி இல்லை" என்று இருக்கிறது. அது சட்டத்துக்கே முரண். முதல் பக்கத்திலேயே சட்டத்தை மீறுகிறவர்கள் ஒன்றரை லட்சத்தைத் திருப்பித் தருவார்கள் என்று எதிர்பார்க்கிறீர்களா?

இனிக் காசு. முதல் ஆறு மாதம் 45,000 ரூபா சம்பளம். வெள்ளவத்தையில் மூன்று பேரோடு பங்கு போடும் அறைக்கு 15,000 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் வைத்தால் மாதம் 30,000. முடிந்தது. பஸ் காசு, போன் காசு, மாதம் ஒருமுறை திருகோணமலைக்கு வந்து போகும் செலவு எல்லாம் உங்கள் கையில் இருந்துதான் போகும். இந்தச் செலவுகளுக்குத் தாலிக்கொடியை அடகு வைக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். வேலை கொடுப்பவன் காசு கேட்டால் அது வேலை இல்லை. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் "தேவைப்பட்டால் வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றப்படலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. எந்த நாடு என்று இல்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்று சுற்றுலா விசாவில் போன நம் நாட்டுப் பிள்ளைகள், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடிப் பக்கம் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்ட கதையைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். உங்கள் கம்பனி அப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் நாடு சொல்லாத இடமாற்றத்துக்குக் கையெழுத்து வைக்கக் கூடாது. வெளிநாட்டு வேலை என்று யார் வந்து சொன்னாலும் முதலில் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து அனுமதிப்பத்திரத்தை விசாரியுங்கள்.

சரி, அப்படியென்றால் என்ன செய்வது? வங்கிப் பரீட்சை, அரசாங்கப் போட்டிப் பரீட்சை, தனியார் டிகிரி, உயர்தேசிய டிப்ளோமா எல்லாம் உங்கள் சொந்தக்காரர்களே வாய்ப்பாடு மாதிரிச் சொல்லியிருப்பார்கள். அவற்றை விடுகிறேன். நீங்கள் குறையாக எழுதிய ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்: "எந்த நேரமும் மீன் கடைக்காரரின் பழைய பிரீசரைக் கழற்றிக்கொண்டு இருக்கிறான், போன மாதம் பக்கத்து வீட்டு ஏசியையும் கழற்றிவிட்டான்." திரும்பப் பூட்டினானா என்று நீங்கள் எழுதவில்லை. நான் தொலைபேசியில் கேட்டபோது, "பூட்டினான், இப்போது நல்லாய்க் குளிருது" என்றீர்கள். பிறகு ஏன் அம்மா என்னிடம் கேட்கிறீர்கள்?

ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் வேலைக்கு அலைகிறோம். அந்த ஏசி நின்றுபோனால் யாரைக் கூப்பிடுகிறோம்? திருகோணமலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்கள் ஏப்ரல் தாண்டியதும் நிரம்பத் தொடங்கும். அறைக்கு ஒரு ஏசி, குசினிக்குக் குளிர் அறை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஏசி ஒரு நாள் நின்றாலும் விருந்தினர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். கடல் ஓரம் என்பதால் வெளியே வைக்கும் பெட்டியின் அலுமினியத் தகடுகளை உப்புக் காற்று அரித்துவிடும். கடலுக்குத் தூரமான ஊரில் நீண்ட காலம் இருக்கும் இயந்திரம் இங்கே சீக்கிரம் பழுதாகும். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பல நாள் படகுகளுக்கு ஐஸ் வேண்டும். ஐஸ் ஆலைகளில் அமோனியா ஓடும். அதைத் தெரிந்தவன்தான் தொட வேண்டும். மூதூர், கிண்ணியாப் பக்கம் பாலைக் குளிர்விக்கும் தொட்டிகள். ஆஸ்பத்திரியில் தடுப்பூசிகள் 2இல் இருந்து 8 பாகைக்குள் இருக்க வேண்டும். இரவில் அந்தக் குளிர்ப்பெட்டி நின்றால் காலை வரை காத்திருக்க முடியாது. மாரி தொடங்கி ஹோட்டல்கள் காலியாகும் மாதங்களில் பராமரிப்பு வேலை வரும். வருடம் முழுக்கக் கை ஓயாது.

ஏசி, பிரிட்ஜ் திருத்தும் இந்தத் தொழிலில் படித்தவன் குறைவு, பார்த்துப் பழகியவன் அதிகம். உங்கள் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து "காஸ் குறைஞ்சு போச்சு" என்று அடித்துவிட்டுக் காசு வாங்கிப் போகிறாரே, அவரைக் கேளுங்கள். குளிர வைக்கும் அந்தக் காஸ் தேய்ந்து போகும் பொருள் இல்லை. மூடிய குழாயில் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்க நைதரசன் அடைத்து அழுத்தம் பார்க்க வேண்டும், மூட்டுகளில் சவர்க்கார நுரை பூச வேண்டும், பற்றவைத்து அடைத்த பிறகு வெற்றிடப் பம்பினால் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டுத்தான் புது காஸ் விட வேண்டும். அவசரத்தில் இதை விட்டால் ஈரம் உள்ளே தங்கிக் கம்பிரசரையே தின்றுவிடும். உங்கள் மகன் இதை யூடியூப்பில் பார்த்து அரைகுறையாகத் தெரிந்து வைத்திருக்கிறான். முறையாகத் தெரிந்தால் அவன் வேறு ஆள்.

காஸும் மாறிக்கொண்டு வருகிறது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்-22ஐ, 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைப்படி நம்மைப் போன்ற நாடுகள் 2030க்குள் ஏறக்குறைய முழுதாக நிறுத்த வேண்டும். புதிய ஏசிகளில் வரும் ஆர்-32 கொஞ்சம் தீப்பிடிக்கக் கூடியது. வீட்டு பிரிட்ஜ்களில் வரும் ஆர்-600ஏ நன்றாகவே தீப்பிடிக்கும். பழைய கைப்பழக்கத்தோடு இவற்றில் பற்றவைக்கப் போனால் உயிருக்கே ஆபத்து. இன்வேட்டர் ஏசியில் பாதி வேலை மின்சுற்றுப் பலகையில் இருக்கிறது. உயர்தரத்தில் தொழில்நுட்பம் படித்த பிள்ளைக்கு அது பிடிபடும்.

படிக்கும் வழி இது. என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழில் தகைமையில் ஏழு படிகள். நான்காம் படி முழுமையான தொழிலாளிக்கானது. ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்குச் சமம். இரத்மலானையில் தொழில்நுட்பப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, யூனிவொட்டெக். ஆக, "டிகிரி இல்லாமல் போய்விடுமே" என்று கவலைப்படும் தங்கச்சிக்கு அந்தக் கதவு மூடவில்லை என்று சொல்லுங்கள். திருகோணமலையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபை, பயிலுநர் பயிற்சி தரும் நைட்டா ஆகியவற்றிலும் விசாரியுங்கள். குளிரூட்டல் பாடநெறி இந்த முறை இங்கே திறக்காவிட்டால் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள ஜெர்மன் பயிற்சி நிறுவனத்தில் மின் அல்லது பொறிமுறைப் பாடநெறி எடுத்துவிட்டு இதற்குள் வரலாம். எந்த இடமானாலும் பாடநெறி மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்று பாருங்கள். பதிவில்லாத தனியார் இடத்துக்கு ஒரு சதமும் வேண்டாம். அரச இடங்களில் கட்டணம் இல்லை, இருந்தாலும் மிகக் குறைவு. வகுப்பு முடிந்ததும் வேலைத்தளப் பயிற்சி வரும். அதற்குப் பெரிய ஹோட்டல் ஒன்றின் பராமரிப்புப் பகுதியைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கஷ்டமும் உண்டு. வெயிலில், மொட்டை மாடி விளிம்பில் நின்று வேலை செய்ய வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டர் என்ற மின் சேமிப்பானில் மின் தங்கியிருக்கும். கவனமில்லாதவனைத் தூக்கி எறியும். முதல் இரண்டு வருடம் "பாஸ்" என்ற மூத்த தொழிலாளியின் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும், கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது. சிங்களமும் ஆங்கிலமும் பேசப் பழக வேண்டும். நம் ஊரில் அது கடினம் இல்லை. கல்யாணப் பேச்சில் "மாப்பிள்ளை ஏசி பாஸ்" என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். அந்தக் கூச்சத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டாம்.

உங்கள் அண்ணாவுக்கு நீங்கள் சொல்லத் தயங்கினால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள். எனக்கு இது பழக்கம். அவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார், ஆனால் இரண்டு வருடம் கட்டுப்படப் போவது அவர் இல்லை. சான்றிதழ்களை ஏற்கனவே கொடுத்துவிட்டீர்களா என்று தெரியவில்லை. கொடுத்திருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் பயப்பட ஒன்றும் இல்லை. பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் விண்ணப்பித்துத் திரும்ப எடுக்கலாம். கையெழுத்து இன்னும் வைக்கவில்லை என்பதால் தண்டம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. அவர்கள் மிரட்டினால் அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு திருகோணமலைத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.

திங்கட்கிழமை தொழில்நுட்பக் கல்லூரிக்கு நீங்கள் போக வேண்டாம், மகனைத் தனியாக அனுப்புங்கள். அடையாள அட்டை, பெறுபேற்றின் பிரதி, இரண்டு படம். ஒன்றரை லட்சத்தை வங்கியிலேயே விடுங்கள். படித்து முடிக்கும்போது வெற்றிடப் பம்பும் அழுத்தமானியும் வாங்க அவனுக்குத் தேவைப்படும்.