தூண்டில் தடிகளுக்குச் சுவரில் எந்த ஸ்டாண்ட் நல்லது?

உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட வீடு, ஐந்து தடி, எந்த ஸ்டாண்ட் பூட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டாண்டை விட முதலில் ஸ்க்ரூவைப் பாருங்கள். எங்கள் உப்புக்காற்றில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ ஒரு மாரியிலேயே துருவேறி, சுவரில் செம்மண் நிறத்தில் கோடு வடியும். நான் கவனிக்காமல் விட்டு, ஒருநாள் இரவு மூன்று தடியும் ரீலோடு தரையில் கிடந்தன. 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்கள், வழக்கமான 304 ரகத்தை விட உப்பைத் தாங்கும். 12 அடித் தடியை நிமிர்த்தி வைக்கக் கூரை இடம் தராது, படுக்கையாக மாட்டுவதுதான் சரி, ஆனால் தாங்கிகள் இரண்டையும் கிட்டக்கிட்ட அடிக்காமல் நல்ல இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் நுனி தொங்கியே வளைந்துவிடும். தடி படும் இடத்தில் ஸ்பொஞ்ச் இருக்கட்டும். அப்புறம், நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்காமல் மாட்டாதீர்கள், நூல் போகும் வளையங்களின் அடியில் உப்புப் பூத்துவிடும்.