பக்க ஓரத்தில் ஒரு பெயர்

கேள்வி: அப்பா இறந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. வகுப்பில் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகம் படிக்கிறோம். ‘துக்கம் போதும்’ என்று இளவரசன் ஹாம்லெட்டிடம் சொல்லும் இடத்தில் அழுதுவிட்டேன். பக்க ஓரத்தில் பென்சிலால் அப்பாவின் பெயரை எழுதினேன். நாடகத்தில் என் கதையைத் தேடுவது தவறா?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: நீங்கள் எங்கே தேடினீர்கள்? அதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது! முதல் அங்கம், இரண்டாம் காட்சிதானே? ஹாம்லெட்டின் தந்தை இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள், நீண்ட துக்கம் ஆண்மகனுக்கு அழகில்லை என்று உபதேசிக்கிறான் அவன் சித்தப்பாவும் புதிய அரசனுமான கிளாடியஸ். (எத்தனை முறை படித்தாலும் அந்த ஆளைக் கண்டால் எனக்கு ஆகாது.) ஹாம்லெட்டும் மாணவன்தான்; விட்டன்பர்க் பல்கலைக்கழகத்துக்குத் திரும்ப நினைத்தவனைப் போகவிடவில்லை. எழுதிய ஷேக்ஸ்பியரோ 1596இல் 11 வயது மகன் ஹாம்னெட்டையும், 1601இல் தந்தையையும் இழந்தவர். பேராசிரியர் கேட்கும் கட்டுரையை அவர் கேட்டபடி எழுதிக் கொடுங்கள். அந்தப் பென்சில் எழுத்தை மட்டும் அழிக்காதீர்கள்.