பிசிறு வந்துச்சா? கத்தி தீட்டுவது பற்றி ஆசாரி அண்ணாச்சியிடம் கேட்டவை

பாளையங்கோட்டைப் பக்கம் முப்பது வருசத்துக்கு மேல மரவேலை பாத்தவன் நான். கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் பிறகுதான். முதல்ல படிச்சது உளி தீட்டுறது. இப்ப வேலையை விட்டாச்சு. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா காப்பி வாரதுக்கு முன்னால கத்தியைக் கொண்டாந்து கையில குடுத்துருதாங்க. கேட்ட கேள்விகளை அப்படியே போட்டு, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லியிருக்கேன்.

அண்ணாச்சி, கல்யாணத்துக்கு வந்த கத்தி. ஆறு மாசத்துல தக்காளி மேல வழுக்குது. சாணைக்கல் வாங்கி இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபதுன்னு தேய்ச்சேன். ஒரு மாற்றமும் இல்ல. கல்லு சரியில்லையோ? (வள்ளியூர்)

கல்லு மேல பழி போடாதீங்க தாயி. அந்த இருபதுங்கிற கணக்குதான் தப்பு.

கத்தியோட ரெண்டு சரிவும் வந்து சந்திக்கிற இடம்தான் கூர். மழுங்கின கத்தியில அந்தச் சந்திப்பு உருண்டு போயிருக்கும். ஒரே பக்கத்தைத் தேய்ச்சுக்கிட்டே போனா, சரிவு விளிம்பை எட்டுன உடனே மெல்லிசா ஒரு இரும்பு இழை மறுபக்கம் மடிஞ்சு நிக்கும். அதுதான் பிசிறு. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். தேய்க்காத பக்கத்துல கட்டை விரலை வச்சு, கத்தி முதுகுல இருந்து விளிம்பைத் தாண்டி வெளியே மெதுவா இழுங்க. விளிம்பு நெடுக இழுத்துராதீங்க, வெட்டிரும். விரல் நுனியில நூல் மாட்டுன மாதிரி ஒரு சொரசொரப்பு தட்டும். கைப்பிடி ஓரத்துல இருந்து முனை வரைக்கும் அது இருக்கணும். அதுவரைக்கும் கத்தியைத் திருப்பவே கூடாது. பத்துத் தேய்ப்புலயும் வரும், நூறு தேய்ச்சும் வராம இருக்கும். உங்க கத்தி ஆறு மாசம் மழுங்குனது. இருபதுக்கு அது அசையாது.

என்னைய வேலைக்குச் சேத்த ஆசாரி முதல் மாசம் பூரா ஒரே உளியைத்தான் தீட்ட விட்டார். "முடிஞ்சிட்டு"ன்னு கொண்டு போய் நீட்டுவேன். கண்ணால பாக்கவே மாட்டார். வேற எங்கேயோ பாத்துக்கிட்டே விரலால ஒரு தடவு தடவி, "பிசிறு எங்கவே?"ன்னு திருப்பிக் குடுத்துருவார். நானும் உங்களை அதேதான் கேப்பேன்.

எந்தக் கல் வாங்கணும்? கடையில 400, 1000, 6000ன்னு என்னென்னமோ நம்பர் சொல்லுதாங்க. (தென்காசி)

நம்பர் கூடக்கூட கல்லு நைஸ். 400 கீழே விழுந்து பல்லு போன கத்திக்கு. 1000 தினசரி மழுங்கலுக்கு. 6000 மினுமினுப்புக்கு. வீட்டுக்கு ஒரே ஒரு கல்லுதான் வாங்குவேன்னா 1000 வாங்குங்க. ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 வச்ச இரட்டைக் கல் கிடைச்சா ரொம்ப நல்லது. 6000 இல்லைன்னு பல்லாரி வெங்காயம் ஒண்ணும் கோவிச்சுக்காது.

இரும்புச் சாமான் கடையில ஒரு கறுப்புக் கல் இருக்கும், ஒரு பக்கம் கரடு, ஒரு பக்கம் கொஞ்சம் நைஸ். நாங்க உளிக்கு வச்சிருந்தது அதுதான். கார்போரண்டம்னு சொல்லுவாங்க. 1891-ல அமெரிக்காவுல எட்வர்ட் அச்சிசன்னு ஒருத்தர் களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்துல சுட்டப்போ கிடைச்ச சரக்கு. இரும்பை வேகமாத் தின்னும். நைஸ் பக்கமே கத்திக்குக் கொஞ்சம் கரடுதான், ஆனாலும் தக்காளி வெட்ட அது போதும். குடும்பத்தோட சினிமாவுக்குப் போற காசு கூட ஆகாது.

நீளம் முக்கியம். எட்டு அங்குலத்துக்குக் குறைஞ்சா கை ஆடும்.

சாய்வு 15 டிகிரி, 20 டிகிரிங்காங்களே, அதை எப்படி அளக்குறது? பாகைமானியா வைக்க முடியும்? (அம்பாசமுத்திரம்)

ஒரு தாளோட மூலை 90 டிகிரி. மூலையை ஒரு மடிப்பு மடிச்சா 45, இன்னொரு மடிப்புல இருபத்திரண்டரை. அதைக் கல்லுப் பக்கத்துல வச்சுப் பாருங்க. நம்ம கத்திக்கு அதைவிட ஒரு பொட்டு தாழ்த்திப் பிடிச்சாச் சரி. இன்னொரு கணக்கும் உண்டு: கத்தி அகலம் 4 சென்டிமீட்டர்னா, முதுகு கல்லுல இருந்து 1 சென்டிமீட்டர் தூக்கி இருந்தா 15 டிகிரி, 1.4 இருந்தா 20 டிகிரி.

ஆனா அளவை விட, பிடிச்ச சாய்வு கடைசி வரைக்கும் மாறாம இருக்கிறதுதான் பெரிசு. 17-ல பிடிச்சா 17-லயே நில்லுங்க. முதல் தேய்ப்பு 15, அடுத்தது 25ன்னு ஆட்டுனா விளிம்பு உருண்டுதான் போகும். மார்க்கர் பேனா இருக்கா? சரிவு முழுக்க மை பூசிட்டு ரெண்டே தேய்ப்பு தேய்ச்சுப் பாருங்க. விளிம்புல மட்டும் மை போயிருந்தா ரொம்பத் தூக்கிப் பிடிக்கிய. மேல்பக்கம் போய் விளிம்புல மை அப்படியே நின்னா ரொம்பப் படுக்க வச்சிருக்கிய. மொத்தமும் போனா அதுதான் உங்க சாய்வு. எனக்கு அந்தக் காலத்துல இந்த மை வித்தை தெரிஞ்சிருந்தா அந்த ஒரு மாசம் ஒரு வாரமா முடிஞ்சிருக்கும்.

தண்ணியா, எண்ணெயா? (மேலப்பாளையம்)

நம்பர் போட்டு விக்கிற தண்ணிக் கல்லுன்னா தண்ணி மட்டும். பத்துப் பதினஞ்சு நிமிசம் ஊறப் போடுங்க, முட்டை முட்டையா காத்து வாரது நிக்கும்போது எடுத்துக்கலாம். சில கல்லுக்கு ஊறலே வேண்டாம், மேல தெளிச்சாப் போதும். கூட வார சீட்டுல போட்டிருக்கும். கறுப்புக் கல்லுக்கு ரெண்டும் ஆகும். ஆனா ஒரு தடவை எண்ணெய் காட்டிட்டா அது எண்ணெய்க் கல்லுதான், பிறகு தண்ணி உள்ளே இறங்காது. தையல் மிஷின் எண்ணெய் நல்லது. நல்லெண்ணெய் ஊத்தாதீங்க, நாள்பட்டாப் பிசின் மாதிரி ஒட்டிக் கல்லை அடைச்சிரும்.

தேய்க்கும்போது கறுப்பா ஒரு சேறு வரும். அதை உடனே கழுவாதீங்க. பாதி வேலையை அதுதான் செய்யுது.

எங்க வீட்டுல கத்தியே கிடையாது. அத்தைக்கு அருவாமனைதான். அதைக் கல்லுல எப்படி வச்சுத் தேய்க்கிறது? (கல்லிடைக்குறிச்சி)

நல்ல கேள்வி. எங்க ஆச்சி கூட்டாஞ்சோத்துக்குக் காய் அரிஞ்சதெல்லாம் அருவாமனையிலதான். கத்தி வந்தது பிறகு.

இங்க கல்லை நிறுத்திட்டு இரும்பைத் தேய்க்க முடியாது. இரும்பை நிறுத்திட்டுக் கல்லைத் தேய்க்கணும். முதல்ல உச்சியில இருக்கிற தேங்காய்த் துருவி மேல பழைய துணியைச் சுத்திக் கட்டுங்க. இதை விட்டுட்டுத்தான் பாதிப் பேர் கையைக் கிழிச்சிக்கிடுதாங்க. பலகையைக் காலால அமுக்கிக்கிட்டு, சின்னக் கல் துண்டு ஒண்ணை நனைச்சு, விளிம்போட வளைவுலயே கீழேயிருந்து மேலே போங்க. விரல் கல்லுக்குப் பின்னால இருக்கணும், ஓரத்தைத் தாண்டி நீளக் கூடாது.

தேய்க்குமுன்னால ஒண்ணு பாத்துக்கோங்க. சில பட்டறையில ஒரு பக்கம் மட்டும்தான் சரிவு அடிச்சிருப்பாங்க, மறுபக்கம் தட்டையா இருக்கும். அப்படின்னா சரிவுப் பக்கம் மட்டும் தேய்ச்சுப் பிசிறு எடுத்துட்டு, தட்டைப் பக்கம் கல்லைப் படுக்க வச்சு ரெண்டு இழுப்பு. உளியும் இப்படித்தான். தட்டைப் பக்கத்துலயும் சரிவு போட்டுராதீங்க. துருவிப் பல்லு மழுங்கியிருந்தா அதுக்குக் கல்லு ஆகாது, சின்ன முக்கோண அரம் வாங்கிப் பல்லுப் பல்லா விடணும்.

அருவாமனையில வாழைப்பூ அரிஞ்சா கறுத்துப் போகுது. கூர் இல்லாததாலயா? (வீரவநல்லூர்)

கூர் குறைஞ்சா நசுங்கும், அதனால கூடக் கொஞ்சம் கறுக்கும். ஆனா முக்கியக் காரணம் அரிஞ்ச இடத்துல பூவோட துவர்ப்பு மேல காத்துப் படுறது, இரும்பும் சேர்ந்தா இன்னும் கறுக்கும். அரிஞ்சதை மோர்த்தண்ணியில போடுங்க. துரு இருந்தாப் புளியை வச்சுத் தேய்ச்சுக் கழுவி, ஈரம் இல்லாமத் துடைச்சு ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வையுங்க.

தெருவுல சாணை பிடிக்கிறவர் வந்தா அஞ்சு நிமிசத்துல முடிச்சிருதாரு. நீங்க சொல்லுறது அரை மணி நேர வேலையால்ல இருக்கு? (பேட்டை)

கால்ல மிதிச்சு மெதுவா சக்கரம் சுத்துற பழைய ஆட்கள்ட்ட குடுக்கலாம், அவங்களுக்குச் சூடு தெரியும். மோட்டார் சக்கரம்தான் பயம். எங்க வீட்டு அருவாமனையை நான் ஊர்ல இல்லாதப்போ அப்படி ஒருத்தர்கிட்ட குடுத்துட்டாங்க. பளபளன்னு வந்துச்சு. விளிம்பு ஓரமா ரெண்டு இடத்துல மயில் கழுத்து மாதிரி நீலம். எனக்கு வயித்தைப் பிசைஞ்சிட்டு. இரும்பு 220 டிகிரி தாண்டும்போது வைக்கோல் நிறம் காட்டும், 300 கிட்டப் போனா நீலம். கொல்லர் பாத்துப் பாத்து இறக்குன பதம் அந்த இடத்துல செத்துப் போச்சுன்னு அர்த்தம். முருங்கைக்காய் அரிஞ்சாலே அந்த ரெண்டு இடமும் மடங்கும். அந்த நீலத்தைத் தாண்டித் தேய்ச்சு எடுக்க எனக்கு மூணு சாயங்காலம் ஆச்சு.

குடுக்கிறதா இருந்தா பக்கத்துல நின்னு, தண்ணியில முக்கி முக்கித் தேய்க்கச் சொல்லுங்க.

கல்லே இல்லைன்னா? அம்மி விளிம்புல தேய்க்கலாமா? (களக்காடு)

அவசரத்துக்குத் தேய்ச்ச தலைமுறைதான் நாம எல்லாரும். கருங்கல்லுல கத்தி இரும்பை விடக் கடினமான துகள் உண்டு, அதனால வேலை செய்யும். ஆனா ஒரே சீரா இருக்காது, விளிம்பு ரம்பம் மாதிரி ஆயிரும். அதைவிட ஊறுகாய் ஜாடியைக் கவுத்துப் பாருங்க. அடியில மெருகு ஏறாத வளையம் ஒண்ணு இருக்கும். அது நைஸ் கல்லுக்குச் சமம். நனைச்சுட்டு அதுல தேய்க்கலாம். ஜாடி காலியா இருக்கான்னு பாத்துட்டுக் கவுங்க.

கத்தி செட்டோட ஒரு இரும்புக் கம்பி வந்துச்சு. அதுவும் சாணைதானே? (பெருமாள்புரம்)

இல்ல. அது கோணுன விளிம்பை நிமித்தும், புதுக் கூர் போடாது. வாரம் ஒரு தடவை ரெண்டு மூணு இழுப்பு இழுத்துக்கலாம். கம்பியிலயும் கேக்கலைன்னா கல்லுக்கு வாங்க.

எங்க தாத்தா பனையேறி. பாளை சீவுற அருவாளை மரப்பலகையிலதான் தீட்டுவார், கல்லே பாத்ததில்லை. மரம் எப்படி இரும்பைத் தேய்க்கும்? (திசையன்விளை)

தம்பி, இந்தக் கேள்விக்காகவே நான் உக்காந்திருக்கேன். மரம் தேய்க்கல. அது மேல தூவுற வெள்ளைக்கல் பொடிதான் தேய்க்குது, மரம் அதைப் பிடிச்சு வச்சுக்கிடுது. கல்லுல இருக்கிற துகள் இறுகி நிக்கும், பலகையில அது லேசா அமுங்கி உருளும். அதனால கீறல் மெல்லிசா விழும். பாளையைத் தினமும் மயிரிழை கனத்துக்குச் சீவணும். அருவா மழுங்குனா பாளை நசுங்கி, பதநீர் சொட்டுறது குறைஞ்சு போகும். அவங்க பிழைப்பே அந்த விளிம்புலதான். நான் பாத்த அருவாளுகள்ல பாளை அருவா மாதிரி கூர் வேற எதுலயும் கிடையாது, என் உளி உட்பட.

வீட்டுல இதைச் செய்யணும்னா பழைய தோல் பெல்ட்டோட உள்பக்கம் போதும். கல்லுல முடிச்ச பிறகு, விளிம்பு பின்னால வார மாதிரி பத்து இழுப்பு. முன்னால தள்ளுனா பெல்ட் துண்டாயிரும். மிச்சப் பிசிறு அதுல போயிரும்.

கூரா இருந்தா கையை வெட்டிக்கிடுவேன்னு அம்மா பயப்படுதாங்க. (டவுண்)

மொண்ணைக் கத்திக்குத்தான் அமுக்கணும், அமுக்கும்போதுதான் வழுக்கி விரலுக்கு வரும். தீட்டுன அன்னைக்கு மட்டும் வீட்டுல எல்லார்ட்டயும் சொல்லிருங்க. பழைய பழக்கத்துல அமுக்குனா ஆபத்து. சின்ன உள்ளி உரிச்சு அரியச் சொல்லுங்க, கண்ணு கரிக்கிறது குறைஞ்சாலே அம்மா சமாதானம் ஆயிருவாங்க.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை தீட்டணும்? (நாங்குநேரி)

எதுல வச்சு வெட்டுதிய? கடப்பாக்கல் மேடையிலயும் எவர்சில்வர் தட்டுலயும் வெட்டுனா வாராவாரம் தீட்டுனாலும் நிக்காது. மரப்பலகை வாங்குங்க. கறிக்கடையில புளியங்கட்டை போட்டிருக்கிறது சும்மா இல்ல. பலகையில வெட்டுற வீட்டுக்கு ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும்.

கல்லு நடுவுல குழி விழுந்துட்டு. தூக்கிப் போட்டுரவா? (சேரன்மகாதேவி)

அய்யோ, வேண்டாம். பென்சிலால கல்லு மேல கட்டம் கட்டமாக் கோடு போடுங்க. தரை டைல்ஸ் மேல 120 நம்பர் உப்புத்தாளை நனைச்சு விரிச்சு, கல்லைக் கவுத்துத் தேய்ங்க. கோடு மொத்தமும் அழிஞ்சா மட்டம்.

அண்ணாச்சி, வள்ளியூர்தான் மறுபடியும். 140 தடவை தேய்ச்சேன், பிசிறு வந்துட்டு! மறுபக்கமும் வந்துச்சு. தக்காளி சர்ருன்னு போகுது. ஆனா முனைப் பக்கம் ஒரு அங்குலம் மட்டும் அப்படியே மொக்கை.

எண்ணிக்கிட்டே தேய்ச்சியளா! முனையில கத்தி வளையுது இல்லையா, நீங்க கையை நேராவே கொண்டு போயிருக்கிய. அந்த ஒரு அங்குலம் கல்லையே தொட்டிருக்காது. வளைவு வரும்போது முழங்கையை ஒரு பொட்டு மேலே தூக்குங்க, சாய்வு தானா நிக்கும். அந்த இடத்துக்கு மட்டும் தனியா மை பூசிப் பாருங்க. ரெண்டு பக்கமும் பிசிறு வந்த பிறகு, அமுக்காம, கத்தியோட சொந்தக் கனத்துலயே பக்கத்துக்கு ஒண்ணா மாத்தி மாத்தி எட்டு இழுப்பு. கல்லைக் கழுவி நிழல்ல காய வையுங்க. மொட்டை மாடி வெயில்ல வச்சுராதீங்க, கீறல் விட்டுரும்.