கரண்ட் வைக்கும் மெஷினை யார் சோதிக்கிறார்கள்? – கேள்வி பதில்

மருத்துவ இயற்பியலாளராக 26 ஆண்டுகள், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு (நம் பேச்சில் ‘கரண்ட்’) வைக்கும் மெஷின்களை அளந்துவிட்டு, இப்போது நாகர்கோவிலில் ஓய்வில் இருக்கிறேன். கேளுங்கள்.

தக்கலை வாசகி: சார், அம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். ஓர் ஆய்வில் சேர்க்கச் சொல்கிறார்கள். சிகிச்சைத் திட்டத்தை வெளியூர் நிபுணர்களும் பார்ப்பார்களாம். நம் டாக்டரை நம்பவில்லையா?

நம்புகிறார்கள், அம்மா; சரியும் பார்க்கிறார்கள். 500 மில்லிகிராம் மாத்திரை எந்த ஊரிலும் 500தான். கதிர்வீச்சு அப்படியல்ல. கட்டி எதுவரை என்று ஒவ்வொரு டாக்டரும் ஸ்கேன் படத்தில் தானே கோடு வரைகிறார். தலை, கழுத்துப் புற்றுக்கு டிராபசமைன் என்ற மருந்தைச் சோதித்த ஆய்வில் 861 பேர் இருந்தார்கள். மருந்து பயன்தரவில்லை. திட்டங்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான் சங்கதி வெளிப்பட்டது: 12 சதவீதத்தில், கட்டி அடங்குவதையே கெடுக்கக்கூடிய குறைகள். அப்படிப்பட்டவர்களில் இரண்டாண்டு பிழைத்திருந்தோர் 50 சதவீதம். முதலிலிருந்தே சரியாக நடந்தவர்களில் 70. ஐந்து பேருக்கும் குறைவாகச் சேர்த்த மையங்களில் இந்தக் குறை ஏறக்குறைய 30 சதவீதம். இருபதும் அதற்கு மேலும் சேர்த்த இடங்களில் சுமார் 5. 2010இல் வெளியான கணக்கு இது. திட்டத்தைச் சிகிச்சைக்கு முன்பே பார்ப்பார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா மெலிந்து, சிகிச்சையின்போது தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் தொளதொளத்தால் அன்றே சொல்லிவிடுங்கள்.

மார்த்தாண்டம், எம்.எஸ்சி. மாணவர்: மெஷினை வெளியாள் எப்படிச் சோதிப்பார், அண்ணன்?

தபாலில்! உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச அணுசக்தி முகமையும் 1969 முதல் இதைச் செய்கின்றன. அப்போது வந்தது, குழலில் அடைத்த லித்தியம் ஃபுளோரைடு தூள், பார்க்க உப்புப் போல. கதிர் காட்டித் திருப்பி அனுப்பினால், அங்கே சூடாக்குவார்கள்; வாங்கிய அளவுக்கு ஒளிரும். நாம் சொன்ன அளவிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் விசாரணை. உள்ளூரிலும் கவனம் வேண்டும். ஒருமுறை ஏ.சி. போட்ட கையோடு அளந்தேன். கதிரை அளக்கும் கருவி இன்னும் குளிரவில்லை; அதன் சூட்டைப் பொறுத்துக் கணக்கு மாறும். மூன்று டிகிரி வித்தியாசம், ஒரு சதவீதப் பிழை. அன்று மாலைவரை திரும்ப அளந்தேன்.

குளச்சல் வாசகர்: ஆய்வு என்றால் சோதனை எலிதானே?

இதே கேள்வி நான்காவது முறை. தக்கலைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மணவாளக்குறிச்சி வாசகர்: எங்கள் மணலிலேயே கதிர்வீச்சு. அதை விட்டுவிட்டு மெஷினைப் பற்றிப் பேசுகிறீர்களே?

உங்கள் மணலிலுள்ள மோனசைட் தாதுவில் கதிர் வீசும் தோரியம் உண்டு, மறுக்கவில்லை. கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் எழுதினார்கள்.

அதே வாசகர்: அது கேரளம். இது எங்கள் கடற்கரை.

சரியான அடி. அந்த முடிவை அப்படியே இங்கே ஒட்டக் கூடாது. ஆனால் உடல் வாங்கும் கதிரைக் கிரே என்ற அலகில் அளப்போம். மணல் தருவது ஆண்டுக்குச் சில மில்லிகிரே; தொண்டைப் புற்றுக்கு ஒருநாள் வைப்பது 2 கிரே, அதாவது 2,000 மில்லிகிரே, அதுவும் 35 நாள். அங்கே கோடு ஒரு சென்டிமீட்டர் விலகினால் என்ன ஆகும் என்பதே என் தொழில்.

மூன்றாமவர்: இருவரும் சண்டையை நிறுத்துங்கள். முடி கொட்டுமா?

கதிர் படும் இடத்தில் மட்டும். மார்பில் வைத்தால் தலைமுடி கொட்டாது. உங்களுக்கும் தக்கலைக்குச் சொன்னதேதான்: மாஸ்க் தளர்ந்தால் சொல்லுங்கள்.