நான் அதிகம் பேசாதவன். ஆர்க்கிடெக்சர் எனக்குச் சரிவருமா?

பிளஸ் டூ முடிக்கப் போகிறீர்கள், வரைவது பிடிக்கும், ஆனால் புது ஆட்களிடம் பேசத் தயக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகச் சேருங்கள். நானும் அதே குணம்தான். இப்போது திருச்சிப் பக்கம் வீடுகள் வடிவமைத்துக் கொடுக்கிறேன்.

ஆனால் இதைத் தனியாக உட்கார்ந்து வரைகிற வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிளையன்ட், மேஸ்திரி, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், பிளான் அப்ரூவல் என்று பேச்சு இருந்துகொண்டேதான் இருக்கும். நமக்குச் சாதகம் என்னவென்றால், அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரு வரைபடத்தை நடுவில் வைத்துத்தான் நடக்கும். கல்யாண வீட்டில் யாரிடம் என்ன பேசுவது என்று திணறுகிற ஆள்கூட, மேஜையில் ஒரு ஷீட்டை விரித்துவிட்டால் தெளிவாகப் பேசிவிடுவார்.

ஆர்க்கிடெக்சர் பட்டப் படிப்பான பி.ஆர்க்கில் சேர எழுதும் நாட்டா நுழைவுத் தேர்வில் நேர்முகத் தேர்வு கிடையாது. பி.ஆர்க் படிக்கும் 5 வருடத்தில் உங்களைப் பயமுறுத்தப் போவது ஜூரிதான். வெளியிலிருந்து வந்த ஆர்க்கிடெக்டுகள் முன் உங்கள் டிசைனை நின்று விளக்க வேண்டும். முதல் மூன்று வாக்கியங்களை எழுதி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மாடலை நன்றாகச் செய்துவிடுங்கள். எல்லோர் கண்ணும் அதன் மேல் போய்விடும், நீங்கள் கைகாட்டிப் பேசினால் போதும்.

சைட்டில் சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாடிப்படிக்கு 6 அங்குல ஏற்றம், 11 அங்குல மிதி என்று பூசாத சுவரிலேயே சாக்பீஸால் முழு அளவில் வரைந்துவிடுவேன். மேஸ்திரி டேப் வைத்துப் பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்டுவிடுவார். அப்புறம் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அளவோடு அனுப்பிவிடுவேன்.

கிளையன்டிடம்தான் நம் குணம் உண்மையிலேயே கைகொடுக்கும். ஒரு வீட்டுக்காரர் முகப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வாயே திறக்கவில்லை. அவர்கள் அப்போது குடியிருந்த வாடகை வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டுப் போனேன். சமையலறையில் அடுப்புக்கு முன்னால் ஒரு மரப் பலகை கிடந்தது. அந்த அம்மா உயரம் குறைவு. பலகை மேல் ஏறி நின்றுதான் தினமும் கிண்டுவார். புது வீட்டில் வழக்கமான 33 அங்குல மேடையை 30 ஆக்கினேன். அதற்குப் பிறகுதான் அவர் பேச ஆரம்பித்தார்: அரிசி டிரம் எங்கே, மாமியார் உட்கார்ந்து காய் நறுக்க இடம் எங்கே என்று. அடுத்தவர் வாயைத் திறக்கும் வரை பொறுத்திருப்பது இந்தத் தொழிலில் பாதித் திறமை என்பேன்.

ஆஸ்திரேலிய ஆர்க்கிடெக்ட் கிளென் மர்கட் பெரும்பாலும் உதவியாளர் யாரும் இல்லாமல் தனி ஆளாக வேலை செய்தவர். அதிகமும் வீடுகள்தான். 2002இல் ஆர்க்கிடெக்சருக்கான உலகின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் கூச்ச சுபாவி என்று சொல்ல வரவில்லை. பெரிய ஆபீஸும் பட்டாளமும் இல்லாமலும் இதைச் செய்யலாம் என்பதற்குச் சொல்கிறேன்.

கஷ்டம் எங்கே என்றால், சொந்தமாக ஆபீஸ் போட்டு வேலை பிடிப்பதில். நாலு பேரைப் பார்க்க வேண்டும், விசேஷங்களுக்குப் போக வேண்டும். அது எனக்கு இன்றைக்கும் சிரமம்தான். கட்டி முடித்த வீட்டைப் பார்த்து அடுத்தவர் வருவதை நம்பித்தான் ஓட்டுகிறேன், வேகம் குறைவு. அது வேண்டாம் என்றால் ஒர்க்கிங் டிராயிங் (கட்டுவதற்கான விரிவான வரைபடங்கள்), பழைய கட்டடப் பாதுகாப்பு, லைட்டிங் டிசைன் என்று பேச்சு குறைவான பக்கங்களும் உண்டு.

ஒன்று மட்டும் கேளுங்கள். பயிற்சிக்குப் போகும்போது, ஒளிந்துகொள்ள வசதி என்று பெரிய ஆபீஸாகத் தேடாதீர்கள். அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து டாய்லெட் டீடெயில் மட்டும் வரைந்துகொண்டிருப்பீர்கள். நாலைந்து பேர் இருக்கிற சின்ன ஆபீஸாகப் பாருங்கள். ஆள் குறைவு என்பதால் கிளையன்ட் மீட்டிங்குக்கும் சைட்டுக்கும் உங்களையும் கூட்டிப் போவார்கள்.