மூன்று செய்திகள், 17 ஆண்டுகள்

அன்புள்ள ஐயா,
பி.இ. முடித்து ஐ.டி. வேலையில் இருக்கிறேன். எம்.டெக். சேர்ந்து கிரிப்டோகிராஃபியும் (தகவலைப் பூட்டி மறைக்கும் கலை) கணினிப் பாதுகாப்பும் படிக்க ஆசை. ஆனால் எனக்குக் கணக்கு வராது. நிரூபணங்களைத் தாண்டிக் குதித்துவிட்டு இந்தத் துறையில் மேலே வர முடியுமா? வேலை கிடைக்குமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

வேலையெல்லாம் கிடைக்கும், விடுங்கள். ‘கணக்கு வராது’ என்பதுதான் எரிச்சலூட்டுகிறது. தேர்வுக்குச் சூத்திரம் உருப்போட்டதைக் கணக்கு என்று நினைத்துக்கொண்டு அதன்மேல் பழி போடுகிறீர்கள். நிரூபணத்தைப் படிக்காதவருக்கு, அது எதை நிரூபிக்கவில்லை என்பது எப்படித் தெரியும்?

சில நாட்களாகவே கணினி அறிஞர்கள் நீதமும் ஷ்ரோடரும் 1978இல் வெளியிட்ட நெறிமுறை என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வலையமைப்பில் பேசும் இருவர், எதிரில் இருப்பது யார் என்று உறுதிசெய்துகொள்ளும் முறை அது. அதன் பொதுச்சாவி வடிவத்தில் சாரம் மூன்றே செய்திகள். ஒருவருடைய பொதுச்சாவியால் யாரும் பூட்டலாம், திறக்க அவரால் மட்டுமே முடியும். அமுதா, பாலன் என்று இருவரை வைத்துக்கொள்வோம். அமுதா தன் பெயரையும் ஒரு ரகசிய எண்ணையும் பாலனின் பொதுச்சாவியால் பூட்டி அனுப்புகிறாள். பாலன் அந்த எண்ணோடு தன் ரகசிய எண்ணையும் சேர்த்து, அவள் சாவியால் பூட்டித் திருப்புகிறான். அவள் அவனுடைய எண்ணை அவன் சாவியால் பூட்டி அனுப்பியதும், எதிரில் இருப்பது யார் என்று இருவருக்கும் உறுதியாகிவிடும். அப்படித்தான் நம்பினார்கள். 1989இல் பர்ரோஸ், அபாடி, நீதம் மூவரும் இத்தகைய நெறிமுறைகளுக்கென்றே ஒரு தர்க்கத்தை வகுத்து அலசினார்கள். அதிலும் ஓட்டை சிக்கவில்லை.

1995இல் காவின் லோ என்ற கணினி அறிஞர் அந்த ஓட்டையைக் காட்டினார். அமுதா ஓர் எத்தனோடு, அவன் எத்தன் என்று தெரியாமல், பேச ஆரம்பித்தால் போதும். தன் சாவியால் பூட்டி வந்த அவள் செய்தியை எத்தன் திறந்து, பாலனின் சாவியால் மறுபடி பூட்டி, அவள் பெயரிலேயே பாலனுக்கு அனுப்புகிறான். பாலனின் பதிலை அவனால் திறக்க முடியாது. அப்படியே அமுதாவிடம் தள்ளிவிடுகிறான். எத்தனின் பதில் என்று நினைத்து அவளே அதைத் திறந்து, பாலனின் எண்ணை எடுத்து, எத்தனுக்குப் பூட்டி அனுப்பிவைக்கிறாள்! அதைத் திறந்து அவன் பாலனுக்குப் பூட்டி அனுப்பிவிடுகிறான். ஒரு பூட்டுகூட உடையவில்லை. பாலனோ அமுதாவிடம் பேசுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

பேசுகிறவர்கள் யோக்கியர்கள் என்ற அனுமானத்தின் மேல் நின்றது அந்த 1989 தர்க்கம். கணக்கில் பிழையே இல்லை. அனுமானம் முதல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதை யார் படிக்கிறார்கள்? அமுதா ஏன் எத்தனிடம் போனாள் என்று கேட்காதீர்கள். நீங்கள் தினமும் எத்தனை இணையதளங்களுக்குப் போகிறீர்கள்?

சேருங்கள், தம்பி. லோ அந்த ஓட்டையை ஒரே ஒரு பெயரைச் சேர்த்து அடைத்தார். எந்தச் செய்தியில், யாருடைய பெயர் என்று நான் சொல்லப்போவதில்லை. காகிதத்தில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்து எழுதுங்கள். அதற்குப் பிறகும் கணக்கு வராது என்றால் பேசலாம்.